ஆற்றைக் காணோம்!

நாவல், கவிதை, சினிமா என்று அலசுகிற இந்தப் பக்கத்தில் இந்த வாரம் ஒரு ப்ரோஷரை விமர்சனம் செய்யப் போகிறேன். சிரிக்காதீர்கள். ஒரு நாவலை நம்பி யாரும் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. இதை நம்பிக் கொடுக்கிறார்கள்.

ஐரோப்பிய நதிக் கப்பல் பயணம். நாகர்கோவிலில், மார்த்தாண்டத்தில், பிள்ளைகளை ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்டு அப்பா அம்மாக்களைக் குறிவைத்து இது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. 'எட்டு நாள், நாலு தேசம், ஒரே அறை. பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்க வேண்டாம்.' நல்ல விஷயம்தான். மூட்டுவலிக்காரர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

எந்தக் கம்பெனியுடையதை எடுத்தாலும் சேர்மானம் ஒன்றுதான். அட்டையில் மலைமேல் ஒரு கோட்டை. உள்ளே பால்கனியில் வெள்ளைத் தலை தம்பதி, கையில் ஒயின் கிளாஸ். அப்புறம் மெத்தை, தலையணை, குளியலறை, பதினொரு வகை சீஸ். பக்கம் பக்கமாகப் புரட்டினால் கட்டில் இருக்கிறது, கரண்டி இருக்கிறது. ஆற்றைத்தான் காணோம்.

எங்கே போச்சு ஆறு? கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நான் காமர்ஸ் படித்தவன். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைச் சேர்மன் படத்திலிருந்து படிக்காதே, பின்னால் உள்ள பொடி எழுத்துக் குறிப்பிலிருந்து படி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்தில்தான் ஆறு ஒளிந்திருக்கிறது. 'நீர்மட்டம் கூடினாலோ குறைந்தாலோ பயணத் திட்டம் மாறலாம், பயணிகளை பஸ்ஸில் அழைத்துப் போகலாம், வேறு கப்பலுக்கு மாற்றலாம்' என்கிற பொருளில் ஒரு வாக்கியம். லட்சக்கணக்கில் கொடுத்துக் கப்பலில் ஏறுகிறவருக்கு, அது ஓடாமலும் போகலாம் என்ற செய்தி கடைசியில்தான்!

இந்த விஷயத்தை நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் இங்கே கன்னிப்பூ நடவைப் பற்றிப் பேச்சே எடுப்பார்கள். தண்ணீர் எவ்வளவு என்று கேட்காமல் ஒருவரும் நாற்றங்கால் பாவ மாட்டார்கள். அதே மனிதர் ஆயுள் சேமிப்பைப் போட்டு ஆற்றில் போகக் கிளம்பும்போது 'பால்கனி உண்டா?' என்று மட்டும் கேட்கிறார். ப்ரோஷரின் வெற்றி அது.

ரைன் நதிக்கும் பேச்சிப்பாறை மாதிரி ஓர் அளவுகோல் உண்டு. ஜெர்மனியில் காவ்ப் என்று ஒரு சின்ன ஊர். அங்கேதான் ரைன் ஆழம் குறைந்து போகிற முக்கியமான இடம். 2018 அக்டோபரில் அந்த அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. 2022 ஆகஸ்டில் 30 சென்டிமீட்டரை ஒட்டி நின்றது. (இது ஆற்றின் மொத்த ஆழம் இல்லை. அளவுகோலின் கணக்கு. கப்பல் போகும் தடத்தில் இதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல் ஆழம் இருக்கும். ஆனாலும் கப்பலின் அடிப்பாகத்துக்கே ஒன்றரை மீட்டர் தண்ணீர் தேவை என்றால் கணக்கு உங்களுக்கே புரியும்.) அந்த இரண்டு வருஷமும் நதிக் கப்பல் பயணிகள் பல பேர் பஸ்ஸில் கோட்டை பார்த்தார்கள். அட்டைப்படத்தில் வரும் கோட்டைகள் நிறைந்திருக்கிற 65 கிலோமீட்டர் இருக்கிறதே, 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, காவ்ப் அதற்குள்தான் வருகிறது. அதாவது, எந்த இடத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறார்களோ அந்த இடத்தில்தான் தண்ணீர் முதலில் வற்றும்.

தண்ணீர் கூடினாலும் தொல்லைதான். கப்பல் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. 2013 ஜூனில் பாஸா நகரத்தில் டான்யூபின் மட்டம் 12.89 மீட்டருக்கு ஏறியது. 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் வெள்ளம் வந்து டான்யூபில் கப்பல் போக்குவரத்தையே நிறுத்தினார்கள்.

இதற்காகக் கம்பெனியைத் திட்ட முடியாது. நம்ம கன்னியாகுமரியில் நடக்காததா? விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும், கடல்மட்டம் தாழ்ந்தால் பக்கத்திலேயே இருக்கிற திருவள்ளுவர் சிலைக்குப் போகாது. 2000 ஜனவரி 1-ல் திறந்த சிலையை எத்தனை பேர் பாறையிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள்! 2024 டிசம்பர் 30-ல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. தண்ணீர் யார் சொல்லையும் கேட்காது. என்னுடைய புகார் தண்ணீர்மீது இல்லை. அதை மறைத்து எழுதுகிற எழுத்தின்மீது.

இன்னொரு மறைப்பு. 'ரைனிலிருந்து டான்யூபுக்கு' என்று ஒற்றை வரியில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் மெத்தைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு ஆறுகள். ஒன்று வடகடலுக்குப் போகிறது, ஒன்று கருங்கடலுக்கு. நடுவில் மேடு. கப்பல் எப்படி மேடு ஏறும்? 171 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, 16 இடத்தில் இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி கட்டி, கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை நிரப்பிப் படிப்படியாகத் தூக்கி, கடல்மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், மறுபக்கம் இறக்குகிறார்கள். 1992-ல் முடிந்த வேலை. இந்தத் தொட்டிகளை 'லாக்' என்பார்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருமை தெரிய வேண்டும். 1860-ல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை வெட்ட ஆரம்பித்தது. ஏ.வி.எம். கால்வாய் என்றால் சட்டென்று புரியும். குமரி வரைக்கும் அது போய்ச் சேரவே இல்லை. வெட்டிய பகுதியிலும் பல இடம் மண்மூடிக் கிடக்கிறது. கால்வாய் வெட்டுவது எவ்வளவு பெரிய காரியம், அதைவிடப் பராமரிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத்தான் தெரியும். அங்கே போகிறவர் பார்க்க வேண்டிய அதிசயம் அது. ப்ரோஷருக்கு அது அதிசயமாகத் தெரியவில்லை.

ப்ரோஷரை மட்டும் சொல்வானேன்? நம் பத்திரிகைப் பயணத் தொடர்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஈஃபில் டவர், ஸ்விஸ் பனி, சாம்பார் கிடைக்காத சோகம். ஆறு என்றால் போட்டோவுக்குப் பின்னணி. 1971-ல் சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' வந்தது. அதில் காவேரிதான் கதாநாயகி. ஆறு போகிற வழியில் எழுத்தும் போகிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் புத்தகத்தைப் பேசுகிறோம் என்றால் காரணம் அதுதான். பயண எழுத்து நல்லதா என்று சோதிக்க ஒரே கேள்வி போதும்: படித்து முடித்தபின் அந்த ஆறு எப்படிப்பட்டது என்று தெரிகிறதா?

சரி, ப்ரோஷர் எழுதாமல் விட்டதை நாமே எழுதிக்கொள்வோம்.

முதலில், எந்த ஆறு, எந்த மாதம். ரைனும் டான்யூபும் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் வற்றக்கூடியவை. பனி உருகும்போதும் பெருமழையிலும் பெருகக்கூடியவை. டான்யூபில் ஸ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே அணையோ லாக்கோ இல்லாத ஒரு துண்டு இருக்கிறது. தகராறு அங்கேதான் அடிக்கடி. நியூரம்பெர்க்கில் ஏறினால் அதைக் கடந்தாக வேண்டும். பாஸாவில் ஏறினால் வேண்டாம். தண்ணீர் வற்றுமோ என்ற பயமே வேண்டாம் என்கிறவர்கள் போர்ச்சுகலில் டூரோ நதியைப் பார்க்கலாம். அங்கே ஐந்து அணைகள் தண்ணீரைத் தேக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. ராத்திரியில் கப்பல் ஓட்டுவதில்லை, அதனால் கரையில் எதுவும் நீங்கள் தூங்கும்போது கடந்து போகாது. மற்ற நதிகளில் 'எந்தப் பகுதியைப் பகலில் கடக்கிறீர்கள்?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்து பால்கனி. ஊர்த்துறையில் இடம் குறைவு. ஒரு கப்பலை ஒட்டி இன்னொரு கப்பலைக் கட்டுவார்கள். உங்கள் பால்கனியைத் திறந்தால் எதிரே இன்னொருவர் பால்கனி. ஆறும் இல்லை, கோட்டையும் இல்லை. அதற்கு ஏன் கூடுதல் பணம்? தண்ணீர் மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்து அறையில் ஜன்னல் சின்னது, திறக்க முடியாது. ஆனால் மேல்தளம் எல்லோருக்கும் பொது. பகல் முழுக்க அங்கே உட்காரப் போகிறவருக்குக் கீழ் அறையே போதும்.

மூட்டு. 'பெட்டி தூக்க வேண்டாம்' என்பது உண்மை. நடக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய ஊர்களில் உருண்டைக்கல் பாவிய தெரு, கோட்டைக்கு ஏறுமுகம். கப்பலில் லிஃப்ட் உண்டா, அது எந்தத் தளம் வரை என்று கேளுங்கள்.

விசா. ரைன் கரையிலுள்ள ஹாலந்து, ஜெர்மனி, ஃபிரான்ஸ், சுவிட்சர்லாந்து நான்கும் ஷெங்கனுக்குள். ஒரே விசா. அதிக நாள் எந்த நாட்டில் கழியுமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்கலாம், கடைசி எல்லை பதினைந்து நாள். 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். டான்யூபில் கீழே செர்பியா வரைக்கும் போகிற பயணம் என்றால் கவனம். செர்பியா ஷெங்கனில் இல்லை. வெளியே போய்விட்டுத் திரும்ப நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழையும் விசா வேண்டும்.

இனி பணம். போட்டிருக்கும் விலை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு ஆகிற விலை. துணையை இழந்து தனியாகப் போகிறவருக்குப் பல கம்பெனிகளில் தண்டம் மாதிரி கூடுதல் கட்டணம் உண்டு. விமானம், டிப்ஸ், ஊர் சுற்றிக் காட்டும் கட்டணம் சேர்ந்ததா, சேராததா? வெளிநாட்டு டூருக்கு டி.சி.எஸ். பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது செலவு அல்ல, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். கடைசியாக, கப்பல் நின்று பஸ் வந்தால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? இதற்கு வாயால் சொல்கிற பதில் செல்லாது. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இது அடங்குமா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மனசு ஒப்பவில்லையா? மகள் வீட்டில் தங்கிக்கொண்டு, ரயிலில் போய், பகல் படகில் ரைன் கோட்டைகளை அரைநாள் பார்த்துவிட்டுத் திரும்பலாம். டான்யூபில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரைக்கும் இப்படியே போகலாம். மொத்தமே 36 கிலோமீட்டர்தான், அழகு அங்கேதான் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஆலப்புழையில் ஒரு ராத்திரி படகு வீட்டில் தங்கிப் பாருங்கள். சாயங்காலம் கட்டிப்போட்ட படகில், கண்ணெதிரே அசையாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பேச ஆளில்லாமல் நாலு மணிநேரம் உங்களால் சந்தோஷமாக இருக்க முடிகிறதா? முடிந்தால் எட்டு நாள் தாங்கும். முடியாவிட்டால் பெரிய செலவு மிச்சம்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்காகவே செலவழித்த தலைமுறை, ஒரு தடவையாவது தனக்காகக் கப்பல் ஏறட்டும். ஆனால் அந்தப் பணத்தை மறுபடி சம்பாதிக்க வயசு இல்லை. அதனால் ஏஜென்ட் மெத்தையைப் பற்றி ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வரப்பில் நின்று கேட்பீர்களே, அதே கேள்வியை அதே குரலில் கேளுங்கள்:

"அண்ணாச்சி, அதெல்லாம் கெடக்கட்டும். தண்ணி எவ்வளவு கெடக்கு?"