நட்சத்திர மீனுக்கும் நடு உண்டு

எங்கள் துறையில் டீம் லீடாகப் பதவி உயர்வு வந்தால் யாராவது ஒரு மேனேஜ்மென்ட் புத்தகத்தைக் கையில் திணிப்பார்கள். அப்படி எனக்கு வந்து சேர்ந்ததுதான் ஓரி பிராஃப்மனும் ராட் பெக்ஸ்ட்ராமும் சேர்ந்து எழுதிய 'தி ஸ்டார்ஃபிஷ் அண்ட் த ஸ்பைடர்'. 2006ல் வந்த புத்தகம். அப்போது ஒரே மூச்சில் படித்துவிட்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது மறுபடி கையில் கிடைத்தது. இந்த முறை பல இடங்களில் 'அப்படியா?' என்று கேட்கத் தோன்றியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புத்தகத்தின் வாதம் எளிமையானது. சிலந்தியின் தலையை வெட்டினால் செத்துவிடும். நட்சத்திர மீனுக்குத் தலையே கிடையாது. கையை வெட்டினால் கை முளைக்கும், சில வகைகளில் வெட்டிய கையே இன்னொரு மீனாக வளரும். பெரிய கம்பெனிகளும் ராணுவங்களும் சிலந்திகள். நாப்ஸ்டருக்குப் பின்னால் வந்த பாட்டுப் பகிர்வு மென்பொருள்கள், விக்கிபீடியா, அபாச்சே பழங்குடியினர், அல் காய்தா எல்லாம் நட்சத்திர மீன்கள். இப்படிப்பட்ட அமைப்பைச் சமாளிக்க மூன்று வழி சொல்கிறார்கள். அதன் சித்தாந்தத்தை மாற்று, அதை மையப்படுத்து, இல்லையென்றால் நீயும் மையமில்லாதவனாக மாறு.

இதை ஏர்போர்ட் புத்தகக்கடைச் சரக்கு என்று ஒதுக்க முடியாது. பெக்ஸ்ட்ராம் 2008ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்த தேசிய சைபர் பாதுகாப்பு மையத்துக்கே தலைவரானார்.

புத்தகம் சரியாகச் சொன்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைவரைக் கொன்றால் கதை முடிந்தது என்ற நம்பிக்கை தப்பு. 2006 ஜூனில் ஈராக்கில் ஸர்காவி கொல்லப்பட்டார். அவர் நடத்திய அமைப்பு சாகவில்லை, பின்னாளில் ஐஎஸ் ஆக வளர்ந்தது. 2011 மே மாதம் பின்லேடன் போனார், அல் காய்தா போகவில்லை. இதுவரை எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

என் சிக்கல் அடுத்த படியில். 'தலையை வெட்டியும் சாகவில்லை' என்பதிலிருந்து 'இதற்கு மையமே இல்லை' என்று தாவுகிறார்கள். இந்தத் தாவலை நானே செய்து அடிபட்டிருக்கிறேன். முன்பு வேலை செய்த இடத்தில் 'மாஸ்டரே இல்லாத' கிளஸ்டர் என்று பெருமையாக ஒன்றைக் கட்டினோம். ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு மொத்தமும் படுத்துவிட்டது. தேடிப் பார்த்தால், எல்லா சர்வரும் ஸ்டார்ட் ஆகும்போது ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிறது. அந்த ஃபைல் இருந்த டிஸ்க் நிரம்பிவிட்டது. எங்கள் வரைபடத்தில் அந்த மெஷினே கிடையாது. மையம் இல்லாமல் இல்லை, நாங்கள் வரையாமல் விட்டிருந்தோம்.

உவமைக்கு எடுத்த உயிரினமே இந்த விஷயத்தில் ஆசிரியர்களுக்கு உதவாது. வெட்டிய கை தனி மீனாக வளர்வது லிங்கியா போன்ற சில இனங்களில்தான். பெரும்பாலான நட்சத்திர மீன்களில் நடுத்தட்டின் ஒரு துண்டாவது கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால்தான் புது மீன். நடு இல்லாத கை வெறும் கைதான்.

அபாச்சே கதையும் அரைகுறை. அவர்களை யாராலும் அடக்க முடியவில்லை, கடைசியில் அவர்கள் தலைவர்களுக்கு அமெரிக்கர்கள் மாடு கொடுத்தார்கள், சொத்து வந்ததும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தது, சமூகம் உடைந்தது என்கிறது புத்தகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1886ல் ஜெரோனிமோவின் கூட்டத்தில் இருந்தவர்கள் 40 பேர்கூட இல்லை. அவர்களைத் துரத்த சுமார் 5,000 சிப்பாய்கள் இறங்கினார்கள். தடம் காட்டியவர்கள் அபாச்சே ஸ்கவுட்கள். ஜெரோனிமோ சரணடைந்த பிறகு சிரிகாவா அபாச்சேக்களை ரயிலேற்றி ஃபுளோரிடாவுக்குக் கைதிகளாக அனுப்பினார்கள், தடம் காட்டிய ஸ்கவுட்களையும் சேர்த்து. இதையெல்லாம் விட்டுவிட்டு மாட்டை மட்டும் சொன்னால் அது வரலாறு இல்லை. சொந்த மண்ணைக் காக்கப் போராடியவர்களையும் அல் காய்தாவையும் ஒரே பெட்டியில் போடுவது எனக்கு உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அல் காய்தாவுக்கு வருவோம். 2013 ஜனவரியில் மாலி நாட்டின் டிம்பக்டுவிலிருந்து அல் காய்தாவின் வட ஆப்பிரிக்கக் கிளை விரட்டப்பட்டது. அவர்கள் விட்டுப்போன கட்டடத்தில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்களுக்குக் கிடைத்தவற்றில் 100க்கும் மேற்பட்ட ரசீதுகள் இருந்தன. சோப்பு வாங்கியதற்குக்கூட ரசீது! இன்னொரு கடிதம் மொக்தார் பெல்மொக்தார் என்ற தளபதிக்கு மேலிடம் 2012 அக்டோபரில் எழுதியது. போனை எடுப்பதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை, செலவுக் கணக்கு அனுப்புவதில்லை என்று பக்கம் பக்கமாகப் புகார். எச்ஆரிடமிருந்து மெமோ வாங்கிய எவருக்கும் அந்தத் தொனி பழக்கமானதுதான்.

தலையே இல்லாத இயக்கத்துக்கு எதற்கு செலவுக் கணக்கு? ஜேக்கப் ஷப்பிரோ 2013ல் வெளியிட்ட 'தி டெரரிஸ்ட்ஸ் டிலெமா' இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ஆட்களைச் சுதந்திரமாக விட்டால் பணத்தைச் சுருட்டுவார்கள், தேவையில்லாத இடத்தில் குண்டு வைத்து ஆதரவாளர்களின் வெறுப்பைச் சம்பாதிப்பார்கள். கட்டுப்படுத்தப் போனால் காகிதம் வேண்டும், தொடர்பு வேண்டும். காகிதமும் தொடர்பும் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். பரவலாக்கம் அவர்களுக்கு வரம் இல்லை, தவிர்க்க முடியாமல் கட்டும் விலை.

புத்தகத்தின் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம்: 'அந்த பெல்மொக்தார் பிரிந்துபோய் 2013 ஜனவரியில் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையைத் தாக்கினாரே, ஏறக்குறைய 40 பேர் செத்தார்களே, இது வெட்டிய கை முளைத்த கதைதானே?' நியாயமான கேள்வி. ஆனால் அவர் தனியாகப் போகவில்லை. பல வருடம் சேர்த்த பணமும் ஆட்களும் தொடர்புகளும் அவரோடு போயின. கையோடு நடுத்துண்டும் போயிற்று.

லண்டனில் 2005 ஜூலை 7ல் 52 பேரைக் கொன்ற நால்வரை முதலில் 'உள்ளூரில் தானாக முளைத்தவர்கள்' என்றுதான் பலரும் பேசினார்கள். பிறகு தெரிந்தது வேறு. சித்திக் கானும் தன்வீரும் 2004 நவம்பர் முதல் 2005 பிப்ரவரி வரை பாகிஸ்தானில் இருந்தார்கள். அவர்கள் பேசிய வீடியோக்கள் பின்னர் அல் காய்தா மூலம் வெளிவந்தன. அதைவிடக் கொடுமை, 2004லேயே வேறொரு சதியை வேவு பார்த்தபோது பிரிட்டிஷ் உளவுத்துறை இவர்கள் இருவரையும் பார்த்திருக்கிறது, படமும் எடுத்திருக்கிறது. அந்தச் சதியைச் சுற்றிப் பெயர்கள் ஏராளம். இவர்கள் முன்னுரிமைப் பட்டியலில் மேலே வரவில்லை.

அடையாளம் காண்பதில் உள்ள நிஜமான கஷ்டம் இதுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கோடிப் பேர் உள்ள நகரத்தில் 100 பேர் ஆபத்தானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு கருவி இருக்கிறது. அது 99 பேரைப் பிடிக்கும். கூடவே சுமார் ஒரு லட்சம் அப்பாவிகளையும் பிடிக்கும். தகவல் குறைவு என்பதைவிட, வந்த தகவலில் எதை முதலில் பார்ப்பது என்பதுதான் திண்டாட்டம்.

உண்மையிலேயே தலையில்லாத ஆளும் உண்டு, மறுக்கவில்லை. 2011ல் நார்வேயில் 77 பேரைக் கொன்ற பிரெய்விக் தனியாள். ஆனால் அவரும் கடையில் வாங்கித்தான் ஆகணும். போலந்திலிருந்து ரசாயனம் வாங்கியதால் அவர் பெயர் சுங்கத்துறை வழியாகப் பாதுகாப்புப் போலீசுக்கு முன்கூட்டியே போயிருந்தது. யாரும் அதைப் பின்தொடரவில்லை. இது நட்சத்திர மீனும் இல்லை, சிலந்தியும் இல்லை. இந்த ஆளைப் பற்றிச் சொல்ல புத்தகத்தின் உவமையில் ஒன்றுமே இல்லை.

உவமை தப்பானால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். மையமே இல்லை என்று ஒரு அரசு நம்பிவிட்டால் பணம் வரும் வழி, பயிற்சி கொடுப்பவர், பயண ஏற்பாடு செய்பவர் என்று தேடுவது குறையும். யார் வேண்டுமானாலும் அவனாக இருக்கலாம் என்ற பயம் மிஞ்சும். அந்த பயம் தாடியையும் பையையும் தோல் நிறத்தையும் பார்க்கும். 2005 ஜூலை 22ல் லண்டன் ஸ்டாக்வெல் ஸ்டேஷனில் போலீஸ் சுட்டுக் கொன்ற ஜான் சார்லஸ் டி மெனஸஸ் பிரேசிலிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன். எந்தச் சதியிலும் இல்லாதவர். தேடப்பட்டவனோடு தொடர்புள்ள கட்டடத்தில் குடியிருந்தார், அவ்வளவுதான். வயது 27.

புத்தகத்தைப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. விக்கிபீடியா பற்றிய பகுதி இன்றும் சுவாரசியம். ஆனால் யாராவது ஒரு கும்பலைக் காட்டி 'இதுக்குத் தலையே இல்லை' என்று சொன்னால், நம்புவதற்கு முன் ரசீது எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.