சான்றைத் தொடாத வரலாற்றுப் பட்டம்

ஆவடியிலிருந்து காலை லோக்கலில் சென்னைக் கல்லூரிக்குப் போகும் பி.ஏ. வரலாற்று மாணவர், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய வழியில்தான் தினமும் போய்வருகிறார். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய அந்த வண்டி, இந்தப் பக்கமாகத்தான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. அவருடைய பாடத்திலும் ரயில்வே உண்டு: டல்ஹௌசியின் சீர்திருத்தங்களில் ஐந்து மதிப்பெண் குறிப்பாக. அந்தக் குறிப்பையும் காலடியில் ஓடும் தண்டவாளத்தையும் அவருக்கு யாரும் சேர்த்துக் காட்டுவதில்லை. இளங்கலை வரலாற்றுப் படிப்பின் பலமும் பலவீனமும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

முதலில் பலத்தைச் சொல்லவேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் 'ஹிஸ்டரி' என்றதும், "வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பரிதாபம் தேவையற்றது. அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில், தமிழ் வழியிலேயே படிக்கலாம். பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதினால் சமூக அறிவியல் ஆசிரியராகலாம். டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தில் இந்திய தேசிய இயக்கமும் தமிழகத்தின் சமூக, அரசியல் இயக்கங்களும் பெரும் பங்கு பெறுகின்றன. குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளைக்கு இவை சிறிய வாய்ப்புகள் அல்ல.

அதைவிடப் பெரிய பலம், "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம். திருவள்ளூர் மாவட்டத்திலேயே அதற்கு அருமையான பாடம் இருக்கிறது. கொற்றலை ஆற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றின் வயதைத் துல்லியமாகச் சொல்ல அன்று வழியில்லை. பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே முறையாக அகழ்ந்தது. மண்ணில் புதையுண்ட கல்லில் அண்டக் கதிர்களின் சுவடு எவ்வளவு மிச்சமிருக்கிறது, மண் படிவுகளில் பூமியின் பழைய காந்தத் திசை எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்த்து, மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் அறிவித்தது. சான்று பேசும்வரை காத்திருப்பதும், பேசியபின் பழைய கருத்தைத் திருத்திக்கொள்வதும் இந்தத் துறையின் நாணயம். கீழடி அகழாய்வுக்குப் பின் ஆளுக்கொரு பழம்பெருமை வாட்ஸ்அப்பில் சுற்றும் காலத்தில், இப்படிப் பயின்ற இளைஞர்கள் நமக்கு அவசியம்.

ஆனால் நம் பட்டம் அவர்களை அப்படிப் பயிற்றுவிக்கிறதா? நான் பார்த்த வகுப்புகளில் பெரும்பாலும் இல்லை. நோட்ஸ் எடுத்து, கைடு வாங்கி, ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று பிரித்து மனப்பாடம் செய்து மூன்று ஆண்டுகள் கழிகின்றன. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் வளர்ந்த வரலாற்று மாணவி அவற்றில் ஒரு வரியைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குள் கால்வைக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். போட்டித் தேர்வு வேலை தருகிறது, உண்மைதான். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் அவசரம் வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டால், 'ஏன்' என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்காது.

பாடம் சொந்த ஊரைத் தாண்டிப் போய்விடுவது இன்னொரு குறை. 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்த தாமர்ல நாயக்கர் சகோதரர்களில் ஐயப்பர் இருந்தது பூந்தமல்லியில். 1955 ஜனவரியில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது ஆவடியில். தேர்வில் அந்தத் தீர்மானம் ஒரு வரி விடை. அதன்பின் ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் ஷிஃப்ட் சங்குக்கு விழித்தன. அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்ட ஓய்வுபெற்ற தொழிலாளிகள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மாணவரின் சொந்தத் தாத்தாவே ஒரு சான்றாக இருக்கலாம். அவரிடம் என்ன கேட்பது, அவர் சொல்வதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கல்லூரி கற்றுத்தரவில்லை என்றால், அந்த நினைவுகள் அவரோடு போய்விடும்.

பழியை ஆசிரியர்கள்மேல் போடுவது நியாயமாகாது. கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகள் உண்டு. மாலையில் கடை வேலைக்குப் போகும் மாணவர்களும் உண்டு. அதனால் பெரிய செலவு பிடிக்கும் திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு தாள், ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைப் பற்றி எழுதுவதாக இருக்கட்டும். ஒரு கல்வெட்டு, ஒரு பழைய பத்திரம், ஒரு முதியவரின் பேட்டி: இந்த மூன்றையும் ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று இருபது பக்கம் எழுதினால் போதும். கல்வெட்டு படிக்க ஒரு வாரப் பயிற்சி, ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள் என்று தொடங்கலாம்.

அந்த இருபது பக்கத்தை எழுதிய மாணவி ஆசிரியராகலாம், வி.ஏ.ஓ. ஆகலாம், தொழிற்பேட்டையில் கணக்கு எழுதலாம். எங்கே போனாலும், யாரோ உரக்கச் சொல்வதை நம்புவதற்கு முன் சான்று கேட்பார். மூன்று ஆண்டுப் படிப்பு அதைக் கொடுத்துவிட்டால், "வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்பவர்களுக்கு அவரே நல்ல பதில்.