இரண்டாவது பந்தைப் பாருங்கள்

லப்பைக்குடிக்காட்டு டீக்கடையில் சாம்பியன்ஸ் லீக் பேச ஆள் பஞ்சமே கிடையாது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ரியல் மாட்ரிட்டில் பெஞ்சைத் தேய்க்கிறவன் பெயர்வரை மனப்பாடம். அதே பிள்ளைகளிடம், "கோழிக்கோட்டில் மேட்ச், மேலே ஏறத் துடிக்கிற ரெண்டு டீம் மோதுது, வர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது ரெண்டாம் டிவிஷன்தானே பாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த டீக்குக் கை காட்டுவான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டத்தைத் தவறவிட்ட பெரிய கிளப் அடுத்த வருஷமும் அதே பணத்தோடு, அதே டிவி நேரத்தோடு வந்து நிற்கும். மேலே ஏறும் வாய்ப்பைத் தவறவிட்ட சின்ன கிளப்பில் சீசன் முடிந்த கையோடு பாதி ஆட்டக்காரர்கள் வேறு ஊருக்குப் பெட்டி கட்டியிருப்பார்கள். பயிற்சியாளர் போயிருப்பார். சில சமயம் கிளப்பே போயிருக்கும். அந்தப் பயம் கால்களில் தெரிய இருபத்திரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் கிடைக்கிறது. நாமோ போர்வைக்குள் மொபைலை வைத்துக்கொண்டு பார்சிலோனா ஹைலைட்ஸ் பார்க்கிறோம்.

அடிப்படையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. சீசன் முடிவில் உச்சியில் இருப்பவர் மேல் லீகுக்கு ஏறுவார், அடியில் கிடப்பவர் இறங்குவார். ஏற்றத்துக்குப் போட்டி போடுகிற இருவர் நேருக்கு நேர் மோதினால், நாம் 3 எடுப்பதோடு எதிரிக்குப் போகவேண்டிய 3-ம் நின்றுபோகிறது. அதனால் ஆறு புள்ளி மேட்ச் என்பார்கள். ஆஃப்சைடு விதியைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் தப்பாகத்தான் சொல்வார், பரவாயில்லை.

நம் நாட்டில் இந்த ஏணிக்கு வயசு குறைவு. அது தெரிந்தால்தான் மைதானத்தில் அந்தப் பதற்றத்தின் ருசி புரியும். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்சிக்கு ஐ-லீகின் கடைசி மேட்ச், சொந்த மைதானம், எதிரே மினர்வா பஞ்சாப். ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில், பட்டத்துக்குப் போட்டியாக நிற்கிற ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு, கோல் போடுவது தன் வேலையே இல்லாத கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தும் 42 புள்ளிதான். சென்னை சிட்டிக்கு 43. தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் பட்டம்.

பட்டம் வந்ததே தவிர, ஏற்றம் வரவில்லை. அன்றைக்கு ஐ-லீக் சாம்பியனுக்கு மேல் லீகான ஐஎஸ்எல்லின் கதவு திறக்காது. சில வருஷத்தில் சென்னை சிட்டி லீகிலேயே இல்லாமல் போனது. கதவு திறந்தது 2022-23 சீசனில். முதலில் உள்ளே நுழைந்தது யார் தெரியுமா? கோவையில் அன்று தோற்றுப் போன அதே பஞ்சாப் அணி, பெயரை மாற்றிக்கொண்டு, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்று. அடுத்த வருஷம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். அதற்கடுத்த வருஷம் இன்னும் கூத்து: புள்ளிப் பட்டியலில் முதலில் நின்ற சர்ச்சில் பிரதர்ஸை சாம்பியன் என்று அறிவித்தார்கள். இன்டர் காசி வழக்குப் போட்டது. 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிதான் சாம்பியன் என்றது. ஒரு இடத்துக்காக ஐரோப்பாவரை போய் மல்லுக்கட்டுகிறார்கள். இதையா 'ரெண்டாம் டிவிஷன்தானே' என்பது?

சரி, மைதானத்துக்கு வந்துவிட்டீர்கள். எதைப் பார்ப்பது?

எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். தப்பில்லை. ஆனால் எந்தப் பந்தை? இங்கேதான் நான் பல நண்பர்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். உங்களையும் விடுவதாக இல்லை.

கீப்பர் பந்தை ஓங்கி உதைக்கிறார். நடுமைதானத்துக்கு அப்பால் இரண்டு பேர் தலையால் முட்ட எழும்புகிறார்கள். அது முதல் பந்து. கூட்டம் மொத்தமும் அந்த இரண்டு தலைகளையே பார்க்கும், யார் தட்டினாலும் 'ஓ' போடும். நீங்கள் பார்க்கவேண்டியது அதுவல்ல. அந்தத் தலையில் பட்டுத் தெறிக்கப்போகிற பந்து எங்கே விழும், அந்த இடத்தில் இப்போதே யார் நிற்கிறார், யார் அங்கே நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று பாருங்கள். அது இரண்டாவது பந்து. உயரமான ஆள் வாங்கித் தருவது முதல் பந்து. இரண்டாவது பந்தை வாங்குவது புத்தியும் பயமும்.

பெரிய லீகுகளில் பல அணிகள் பந்தைத் தரையோடு தரையாகக் கொண்டுபோவதால் இந்தச் சண்டை குறைவாகத் தெரியும். ஏற்றப் போட்டியில் தோற்றுவிடுவோமோ என்ற நடுக்கத்தில் இரண்டு பக்கமும் பந்தைத் தூக்கி அடிப்பார்கள். ஆட்டத்தின் பாதி நேரம் பந்து யாருக்கும் சொந்தமில்லாமல் காற்றில் கிடக்கும். 'தரமில்லாத ஆட்டம்' என்று விமர்சகர்கள் எழுதுவது இதைத்தான். தரத்தை அவர்கள் பாஸ் கணக்கில் அளக்கிறார்கள். எண்பது பாஸ் பக்கவாட்டில் கொடுத்து ஒரு ஷாட் அடிக்காத அணியைப் புகழ்ந்து பக்கம் நிரப்புகிறவர்களிடம் இதைப் பேசிப் பயனில்லை.

இரண்டாவது பந்திலும் வகை உண்டு. தலையில் பட்டு விழுவது ஒன்று. கீப்பர் பிடிக்க முடியாமல் தட்டிவிடுவது இரண்டு. டிஃபென்ஸ்காரர் காலில் பட்டு எங்கோ எகிறுவது மூன்று. முதல் வகையை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். எழும்புகிறவர் எந்தக் காலில் எழும்புகிறார், முதுகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதிலேயே பந்து போகப்போகிற திசை தெரிந்துவிடும். நல்ல மிட்ஃபீல்டர் தலைகள் முட்டுவதற்கு முன்பே நகர்ந்திருப்பார். சுமாரானவர் முட்டியபிறகு ஓடுவார். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டு எட்டு வித்தியாசம்தான், புள்ளிப் பட்டியலில் அது எத்தனையோ இடம். இரண்டாம் வகையில் பார்க்கவேண்டியது கோல் அடிக்கப் பாய்கிற ஸ்ட்ரைக்கரை இல்லை, அவரைத் தடுக்கவேண்டிய டிஃபென்ஸ்காரர் கீப்பர் பிடித்துவிடுவார் என்று நம்பி நின்றுவிட்டாரா என்பதை. பெரும்பாலும் நின்றிருப்பார். மூன்றாவது வகை வெறும் அதிர்ஷ்டம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதிர்ஷ்டம் வந்து விழுகிற இடத்தில் ஆள் நிற்கவேண்டுமே, அது பயிற்சி.

உதாரணம் வேண்டுமா? 2013 மே 12, வாட்ஃபோர்ட் மைதானம். இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் அரையிறுதி. எதிரே லெஸ்டர். முதல் ஆட்டத்தையும் சேர்த்து 2-2. ஆட்டம் முடிகிற கட்டத்தில் லெஸ்டருக்கு பெனால்டி. நோக்கார் உதைக்கிறார், கீப்பர் அல்முனியா காலால் தடுக்கிறார். பந்து நோக்காரிடமே திரும்ப வருகிறது, மறுபடி உதைக்கிறார், மறுபடி தடுக்கிறார். அங்கிருந்து கசெட்டி வெளியே அடித்த பந்து, ஆன்யா, ஃபோரெஸ்டியேரி, குறுக்கே ஒரு கிராஸ், ஹாக் தலையால் பின்னால் தட்டிவிட, டிராய் டீனி ஓடிவந்து ஒரே உதை. கோல். எல்லோரும் டீனி சட்டையைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்ததைப் பார்த்திருப்பீர்கள், ரீல்ஸில் இன்னும் ஓடுகிறது. அந்தத் துண்டை ஒருமுறை மெதுவாக ஓட்டி, அல்முனியா இரண்டாவது தடவை தடுத்த நொடியில் வாட்ஃபோர்டின் மஞ்சள் சட்டைக்காரர்கள் எத்தனை பேர் எதிர்த் திசையில் கிளம்பிவிட்டார்கள் என்று பாருங்கள். லெஸ்டர்காரர்களின் மனசு இன்னும் பெனால்டியிலேயே கிடக்கிறது. அந்த முழுக் கோலும் இரண்டாவது பந்துகளைக் கோத்துக் கட்டியது. இறுதிப் போட்டியில் வாட்ஃபோர்ட் கிரிஸ்டல் பேலஸிடம் 0-1 என்று தோற்று ஏறமுடியாமல் போனதை மட்டும் ரீல்ஸ் சொல்லாது.

நம்மூர் சினிமா இன்னொரு பக்கம் கெடுத்து வைத்திருக்கிறது. ஹீரோ அந்தரத்தில் படுத்துக்கொண்டு பைசைக்கிள் கிக் அடிக்க, பந்து நெருப்பு பிடித்ததைப்போல் வலையைக் கிழிக்கும். அதைப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வருகிறவனுக்கு, சகதியில் மூன்று பேர் கால்களுக்கு நடுவே பந்தைத் தோண்டி எடுக்கிற ஆள் கண்ணிலேயே படமாட்டான். மெஸ்ஸியா ரொனால்டோவா என்று கேட்கிறவர்களும் இதே கூட்டம்தான். இவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்கள்.

உட்காரும் இடம். கோலுக்குப் பின்னால் சத்தம் நன்றாக இருக்கும், ஆனால் ஆழம் தெரியாது. பந்து இருபது அடியில் விழுகிறதா அறுபது அடியில் விழுகிறதா என்று அங்கிருந்து சொல்லமுடியாது. நடுக்கோட்டுக்கு நேராக, எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் உட்காருங்கள். கீழ் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். ஆட்டக்காரரின் வியர்வை தெரியும், ஆட்டம் தெரியாது.

கடைசி வாரமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 1982 உலகக் கோப்பையில் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 போதும் என்று மீதி நேரத்தை உருட்டி ஓட்டி, முந்தைய நாளே ஆடி முடித்துவிட்ட அல்ஜீரியாவை வெளியே தள்ளின. அதற்குப் பிறகுதான் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிற வழக்கம் உலகக் கோப்பையில் வந்தது. அதன் புண்ணியத்தில் கடைசி நாளில் நீங்கள் இரண்டு மைதானத்தில் இருப்பீர்கள். இங்கே ஒன்றுமே நடக்காதபோது திடீரென்று கிழக்குப் பக்கம் கூட்டம் எழுந்து கத்தும். யாரோ ஒருவர் மொபைலில் அங்கே கோல் விழுந்திருக்கும். உடனே நம் டீம் மிட்ஃபீல்டரைப் பாருங்கள். ஸ்கோர் அவர் காதுக்கு எட்டிவிட்டது என்பது அவர் இரண்டாவது பந்துக்குப் போகிற வேகத்தில் தெரியும். (ஆமாம், மறுபடி அங்கேயே வந்துவிட்டேன்.)

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். 0-0 என்று போகிற ஏற்றப் போட்டிதான் எனக்கு மிகவும் பிடிக்கும். கோல் விழுந்துவிட்டால் கூட்டத்தின் கண் ஸ்கோர்போர்டுக்குப் போய்விடும். விழாதவரை அத்தனை பேரும் ஆட்டத்தைப் பார்த்தே ஆகவேண்டும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மற்றபடி, எழுபதாவது நிமிஷத்தில் கூட்ட நெரிசலுக்குப் பயந்து எழுந்து போகிறவர்களோடு சேராதீர்கள். 2025 ஏப்ரல் 6, கோழிக்கோடு. கோகுலத்துக்கு ஜெயித்தே ஆகவேண்டிய கடைசி ஹோம் மேட்ச், எதிரே கோவாவின் டெம்போ. தாபிசோ பிரவுன் ஆரம்பத்திலேயே இரண்டு கோல் போட்டார். அதோடு கிளம்பியவன் கோகுலம் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பான். பிரவுன் ஹாட்ரிக் அடித்தும் டெம்போ 4-3 என்று ஜெயித்தது. கடைசி கோல் இஞ்சுரி டைமில்.

சென்னையிலிருந்து மங்களூர் போகிற எக்ஸ்பிரஸ் விருத்தாசலத்தில் நின்று, திருச்சி, கரூர், கோவை வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறது. படுத்துத் தூங்கி எழுந்தால் கேரளா நெருங்கிவிடும். ஸ்டேடியம் வாசலில் மூங்கில் புட்டு கிடைக்கிறதா என்று கேட்காதீர்கள், முதலில் மேல் வரிசையில் இடம் பிடியுங்கள்.