யாசுவாகி ஏறிய மரம்

டெட்சுகோ குரோயனாகி எழுதிய 'டோட்டோ-சான்' என்னும் ஜப்பானிய நூல் 1981ஆம் ஆண்டு வெளிவந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட தமிழாக்கத்தின் வாயிலாக நம் ஆசிரியர்களும் பெற்றோரும் அதனை நன்கறிவர். பள்ளி ஆண்டு விழாவில் அதனைப் புகழ்ந்துரைக்காத சிறப்பு விருந்தினர் அரியர். இத்துணைப் புகழ்பெற்ற நூலைப் பற்றி மீண்டும் எழுதுவானேன் எனில், நாம் அதனைப் பாதியளவே படித்திருக்கிறோம் என்று தோன்றுவதே காரணம்.

நாம் படித்த பாதி இது. மேசை மூடியை ஓயாது திறந்து மூடியும், சன்னலருகே நின்று தெருப் பாடகர்களை அழைத்தும் வகுப்பைக் கலைத்த சிறுமி முதல் வகுப்பிலேயே பள்ளியினின்று விலக்கப்படுகிறாள். டோக்கியோவில் பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கி 1937இல் டோமோயி பள்ளியைத் தொடங்கிய சோசாகு கோபயாஷி அவளை ஏற்றுக்கொள்கிறார். முதல் நாளன்றே அவள் பேச்சை நான்கு மணி நேரம் கேட்கிறார். அங்கே அன்றைய பாடங்களைக் காலையிலேயே எழுதிவிடுவர். எதில் தொடங்குவது என்பது பிள்ளையின் விருப்பம். அச்சிறுமி பிற்காலத்தில் நாடறிந்த தொலைக்காட்சிக் கலைஞர் ஆனாள். ஆகவே, ஒவ்வொரு குழந்தையிடத்தும் ஒரு திறமை ஒளிந்துள்ளது, அதனைக் கண்டெடுப்பதே ஆசிரியர் கடன் என்ற பாடத்தோடு நூலை மூடி வைத்துவிடுகிறோம்.

இப்பாடம் தவறன்று, ஆனால் போதாது. 2007இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்தித் திரைப்படத்தை நினைவுகூருங்கள். எழுத்துகளை இனங்காண இயலாமல் தவிக்கும் சிறுவன் இஷானின் துயரை நெஞ்சுருகக் காட்டிய படம் அது. எனினும் இறுதியில் அவன் ஓவியப் போட்டியில் முதற்பரிசு பெற்றாக வேண்டியிருக்கிறது. அவனுக்கு ஓவியமும் வராதிருந்தால்? அப்போதும் அரங்கம் கைதட்டியிருக்குமா? பரிசு பெறும் தகுதி மறைந்து கிடந்தமையால்தான் பிள்ளை மதிக்கப்படுகிறான் எனில், மதிப்பெண் பட்டியலின் பெயரை மட்டுமே மாற்றியிருக்கிறோம்.

நூலின் மறுபாதி இவ்விடத்தில்தான் நமக்கு வேண்டும். தாகாஹாஷி என்னும் சிறுவனின் கைகால்கள் மிகக் குட்டையானவை. உடல் மேலும் வளராது. டோமோயியின் விளையாட்டு விழாவிலோ எல்லாப் போட்டிகளிலும் அவனே முதல்வன். துணியாலான மீனின் வயிற்றுக்குள் தவழ்ந்து வெளிவரும் ஓட்டம், ஒவ்வொரு படியாக ஏறியிறங்கும் ஓட்டம் என நீண்ட கால்கள் தடுமாறும் விளையாட்டுகளையே கோபயாஷி வகுத்திருந்தார். பரிசுகளோ முள்ளங்கியும் கீரைக்கட்டும். அவர் சிறுவனை மாற்ற முயலவில்லை, போட்டியை மாற்றினார்.

பிறிதொரு நாள், மனிதருக்கும் முற்காலத்தில் வால் இருந்ததைப் பற்றிப் பேசிய வகுப்பாசிரியை, தாகாஹாஷிக்கு இன்னும் வால் உண்டோ என விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். கோபயாஷி அவரைக் கடிந்துகொள்கிறார். அதுவும் மற்ற ஆசிரியர் இருக்கும் அறையிலன்று, சமையலறையில். சிறுவனின் மானத்தைக் காக்கச் சினந்தவர் ஆசிரியையின் மானத்தையும் காத்தார். நூல் முழுவதிலும் மிகவுயர்ந்த பக்கம் இதுவே என்பேன்.

போலியோவால் கையும் காலும் பாதிக்கப்பட்ட யாசுவாகியின் கதை இன்னும் கடினமானது. டோட்டோ-சான் ஏணியைச் சாத்தி, பின்னர் மடக்கேணியைக் கொணர்ந்து, தள்ளியும் இழுத்தும் அவனைத் தன் மரத்தில் ஏற்றிவிடுகிறாள். அவன் பரிசெதுவும் பெறவில்லை; மறைந்திருந்த திறமை எதுவும் வெளிப்படவுமில்லை. சில காலத்தில் இறந்துவிடுகிறான். அவனால் பள்ளிக்குப் பெருமை வந்ததா என்று ஆசிரியர் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு கோடைப் பகலில் அவன் மேலிருந்து உலகைக் கண்டான், அவ்வளவே.

நூலின் குறையையும் சொல்லியாக வேண்டும். நன்றி மறவாத மாணவியின் நினைவில் எழுந்த சித்திரமாதலால், அத்தகைய பள்ளியை நடத்த எவ்வளவு பொருளும் உழைப்பும் தேவைப்பட்டன என்பது அதில் தெளிவாகவில்லை. அங்கே பயின்றோர் ஏறத்தாழ 50 பேரே. தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருந்தும், அதற்கு மிகுதியான பிள்ளைகளோடு திண்டாடும் நம் ஆசிரியை, "இதெல்லாம் ஜப்பானில் நடக்கும், சாமி" என்று பெருமூச்செறிவதில் நியாயமுண்டு. ஆயினும் சமையலறைக் கண்டிப்புக்கும் முள்ளங்கிப் பரிசுக்கும் பெருஞ்செலவில்லை.

எங்கள் பகுதியில் தேர்வு முடிவு வெளியானதும் மேடவாக்கம் கூட்டுச்சாலையிலிருந்து நாற்புறமும் பள்ளிகளின் விளம்பரப் பலகைகள் முளைக்கின்றன. பொதுத்தேர்வில் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது, பலகைகள் நிற்கவில்லை. அவற்றில் இடம்பெற இயலாத பிள்ளையின் தாய், பங்குத்தந்தையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறார். கடிதம் கொண்டு சென்றவரிடம், "இவனுக்கென்று தனிப்பள்ளி இருக்கிறதே" என்று கனிவோடு சொல்லித் திருப்பியனுப்பும் பள்ளிகளும் உள்ளன. கோட்டூர்புரத்தில் 1985 முதல் தொண்டாற்றும் வித்யா சாகர் போன்ற அமைப்புகள் போற்றத்தக்கவை. ஆனால் அவை இருப்பதே நம் கதவைச் சாத்துவதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பியது. வழக்கின் போக்கு எதுவாயினும், நம் நிறுவனங்களின் தன்னுரிமையைக் காக்கவே அவ்விலக்கு நாடப்பட்டது. எளிய பிள்ளைகளிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ள அன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, குறிப்பிட்ட அளவு குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலேயே, அல்லது அப்பிள்ளை விரும்பும் சிறப்புப் பள்ளியில், இலவசக் கல்வி பெறும் உரிமையை அளித்துள்ளது. தேர்வு செய்பவர் பிள்ளை; பள்ளியன்று. இதற்கெல்லாம் நெடுநாள் முன்பே, 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கல்வியை எல்லா மனிதருக்கும் உரிய பறிக்கவியலா உரிமை என்றும், அது அவரவர் இயல்புக்கு ஏற்றதாக வேண்டும் என்றும் கூறியிருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் நம் பள்ளிகள் பலவற்றில் விளையாட்டு விழா வரும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். நூறு மீட்டரும் இருநூறு மீட்டரும் இருக்கும். படிக்கட்டு ஓட்டம் ஒன்று சேர்க்கலாமா என்று யாரேனும் கேட்கட்டும்.