முடியாத சாட்சி

நம்ம கோவைப் பக்கத்து சுவிசேஷக் கூட்டங்களில் சாட்சி சொல்வதற்கு ஓர் அச்சு உண்டு: நோய் அல்லது கடன், கண்ணீர், ஜெபம், விடுதலை. விடுதலை இன்னும் வராதவர் கைக்கு மைக் போவது அபூர்வம். அவருக்கு எழுத்துதான் இடம். விசுவாசிகள் எழுதணும்னு சொல்றது அதனால்தான். பிரசங்கத்தை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. எழுத்தைத் திரும்பப் படிக்கலாம், மறுக்கலாம்.

இங்கேயே அதற்கு முன்னோடி உண்டு. 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, அதற்கு முன்பே, 1927இல் வெளிவந்த தன் ஆங்கில நூலில், கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்த்தார். யோவான் சுவிசேஷத்தை நம் பக்திக் கவிகளோடு சேர்த்து வாசித்தார். மாணிக்கவாசகரிடம் கிறித்தவர் கற்க என்ன இருக்கு? மேடையில் 'ஆமென்' வாங்கும் கேள்வி இல்லை இது. ஆனால் அந்நூல் ஆங்கிலம் படித்தவர்களுக்கானது. ஜெபக்கூட்டத்துக்கு வரும் மில் தொழிலாளிக்கு அது எட்டாது. அவர் தன் சந்தேகத்தைத் தன் தமிழில் எழுதினால்தான் இந்த மரபு முழுமையாகும்.

சந்தேகத்தை எழுதினால் விசுவாசம் குறைந்துவிடுமா? 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தானே படிக்கிறோம்?