தேய்ந்து சேரும் இரும்பு

ரீபோர் முடிந்த புல்லட் சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை லேத் பட்டறைப் பக்கம் போகும்போது கேட்டு வாங்கிப் பாருங்கள். சாம்பல் நிற வார்ப்பிரும்புச் சுவர் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்த மெல்லிய கீறல்கள். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம் சாய்ந்த கீறல்கள். இரண்டும் பின்னிச் சாய்சதுரக் கட்டங்களாக நிற்கும். பட்டறையில் இதைக் ‘கிராஸ் ஹேட்ச்’ என்பார்கள். நல்ல கை போட்ட ஹோனிங் என்றால் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரு கட்டம்கூடப் பிசகியிருக்காது. வண்டி கூடிய பிறகு யார் கண்ணிலும் படாத இடத்தில் இப்படி ஒரு வேலைப்பாடு இருப்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புது இன்ஜினுக்கும், புதிதாகப் போர் போட்ட இன்ஜினுக்கும் முதலில் ஊற்ற வேண்டியது மினரல் ஆயிலா, சிந்தெடிக் ஆயிலா என்ற வழக்கு புல்லட்காரர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. பெரும்பாலும் டப்பாவில் அச்சடித்ததை வைத்தே வாதாடுகிறார்கள். சிலிண்டர் சுவரைக் கேட்டால் தீர்ப்பு அதிலேயே இருக்கிறது என்பது என் கட்சி.

நான் சொல்லும் புல்லட், பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்த பிறகு திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் பிறந்துகொண்டிருந்த குடும்பம் அது. 350 மாடலுக்குப் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. அகலத்தைவிட உயரம் அதிகமான சிலிண்டர். அந்த நிதானமான ‘டக் டக்’ ஓசைக்கு அந்த நீண்ட ஸ்ட்ரோக்கும் ஒரு காரணம்.

பல வருடம் ஓடிய இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கி, சைலன்சரில் நீலப்புகை தள்ளினால் பெரும்பாலும் சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று பொருள். போரிங் மெஷினில் ஏற்றி, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்பக் குடைந்தெடுக்கிறார்கள்; இதுதான் ரீபோர். குடைந்த கத்தி திருகாணி மரை போல ஒரு தடத்தை விட்டுச் செல்லும். அந்தத் தடத்தை எடுத்துவிட்டுச் சுவருக்குச் சரியான முகத்தைக் கொடுப்பதுதான் ஹோனிங். சுழலும் தலையில் பொருத்திய சாணைக்கற்கள் சுவரை அழுத்தியபடி சுற்றும். சுற்றும்போதே அதை மேலும் கீழும் ஓட்ட வேண்டும். சுற்றும் வேகத்துக்கும் ஏறி இறங்கும் வேகத்துக்கும் உள்ள பொருத்தமே கீறல்களின் கோணத்தை முடிவு செய்கிறது. கை மந்தமாக ஓடினால் கீறல்கள் படுத்துவிடும். ஆயில் தேவைக்கு மேல் தங்கும். அவசரப்பட்டால் செங்குத்தாக நிமிர்ந்துவிடும். ஆயில் தங்காமல் வழிந்தோடும். இரண்டு கீறல்களும் ஒன்றையொன்று சுமார் 45 டிகிரியில் வெட்டிக்கொள்வது நல்ல கணக்கு. கையால் ஹோனிங் போடும் தேர்ந்த மேஸ்திரிகள் இதைக் கோணமானி வைத்து அளப்பதில்லை. கல் உரசும் சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

வேலை முடிந்ததும் அவர்கள் செய்யும் ஒரு காரியத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். வெந்நீரும் சோப்பும் போட்டு சிலிண்டரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறார்கள். பெட்ரோலில் அலசினால் போதாது. கல்லின் பொடி கீறல்களுக்குள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கழுவித் துடைத்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றி எடுக்கிறார்கள். துணியில் சாம்பல் கறை இருந்தால் மறுபடி சோப்பு, மறுபடி வெந்நீர். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை பிஸ்டனைத் தொடுவதில்லை. பட்டறையில் எத்தனை மெஷின் இருக்கிறது என்று எண்ணுவதைவிட இந்தத் துணியைப் பார்ப்பது மேல். தொழில் தெரிந்த இடமா என்று அது சொல்லிவிடும்.

இப்போது ஆயிலுக்கு வருவோம். ஹோனிங் போட்ட சுவரை நுண்ணளவில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைக்கும். அவை நிலைக்க வேண்டும். மேடுகளின் கூர்முனைகள் தேய்ந்து மழுங்க வேண்டும். புது பிஸ்டன் ரிங்கின் முகமும் அதோடு சேர்ந்து தேய்ந்து, அந்த ஒரு சிலிண்டருக்கே உரிய வடிவத்துக்கு வர வேண்டும். ரிங்கும் போரும் இப்படிச் சேர்ந்த பிறகுதான் எரிந்த வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது. ரன்னிங் இன் என்பது இதற்குத்தான். ஒரு இன்ஜினின் ஆயுளில் நாம் விரும்பி வரவேற்கும் தேய்மானம் இது ஒன்றே. அதன் பிறகு வரும் ஒவ்வொரு தேய்மானமும் நஷ்டக் கணக்கு.

பிஸ்டன் நடுவழியில் வேகமாக ஓடும்போது ரிங் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. மேலே போய்த் திரும்பும் இடத்தில் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ரிங் செட்டாவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அங்கே காவல் நிற்பவை ஆயிலில் கலந்த மருந்துகள்; துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள் அவற்றில் மூத்தது. உரசலின் சூட்டில் அது இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சைப் போட்டுவிடும். பழைய புல்லட்டின் கேமும் டாப்பெட்டும் நேருக்கு நேர் உரசுபவை. அவற்றுக்கும் இந்தப் பூச்சுதான் கவசம்.

ஆகவே ‘சிந்தெடிக் ரொம்ப வழுக்கும், ரிங் செட்டாகாது’ என்ற பேச்சைப் பாதிதான் ஏற்க முடியும். படலத்தின் கனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆயிலின் கெட்டித்தன்மை. 20W-50 மினரலும் 20W-50 சிந்தெடிக்கும் இன்ஜின் சூடான நிலையில் ஏறக்குறைய ஒரே கனத்தில்தான் நிற்கும். வேறுபாடு உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்துகளில் வருகிறது. விலையுயர்ந்த சில சிந்தெடிக்குகளில் அவை தாராளமாக இருக்கும். கையால் ஹோனிங் போட்ட, கூர்முனைகள் மிகுந்த வார்ப்பிரும்புச் சுவருக்கு அந்தச் சலுகை முதல் நாளிலேயே தேவையில்லை.

விமான இன்ஜின் உலகம் இதை வெகுநாளாக அறிந்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் லைகமிங் நிறுவனம் தன் சாதாரண பிஸ்டன் இன்ஜின்களுக்கு முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, மருந்து கலக்காத மினரல் ஆயிலைச் சொல்கிறது. அதே லைகமிங் தன் டர்போ இன்ஜின்களுக்கு அப்படிச் சொல்வதில்லை. கார் உலகம் மறுகோடி. செவர்லே கார்வெட் 1992-ஆம் ஆண்டு மாடலிலிருந்து தொழிற்சாலையிலேயே மொபில் 1 சிந்தெடிக் ஊற்றப்பட்டு வெளியே வருகிறது. அதன் ரிங்குகள் செட்டாகாமல் போகவில்லை. இன்றைய தொழிற்சாலைகளில் கரடுமுரடான கல்லில் ஹோனிங் போட்டபின் மென்மையான கல்லால் மேடுகளின் முனையை மட்டும் தட்டிவிடுகிறார்கள். நாம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிச் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கை அந்த இரண்டாவது கல்லே முடித்துவிடுகிறது. லைகமிங் சொல்வதும் சரி, கார்வெட் காட்டுவதும் சரி. சுவர் வேறென்றால் ஆயிலும் வேறு.

இன்றைய ராயல் என்ஃபீல்டுக்கும் இதே நியாயம்தான். கம்பெனி செமி சிந்தெடிக் ஊற்றித் தந்தால் அதிலேயே ஓட்டி, முதல் சர்வீஸில் மாற்றுவதே முறை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பழைய புல்லட்டில் கிளட்ச் தனி அறையில் தனி ஆயிலில் கிடந்தது. இப்போது இன்ஜின் ஆயிலிலேயே கிளட்ச்சும் நனைகிறது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. முத்திரை இல்லாத கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

ஆயிலைவிட முக்கியம் ஓட்டுகிற கை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை; எரிந்த வாயு ரிங்கின் முதுகுப்பக்கம் புகுந்து தள்ளுவதே பெரிய அழுத்தம். த்ராட்டில் திறந்தால்தான் அந்த அழுத்தம் வரும். புது இன்ஜின் பாவம் என்று பொத்திப் பொத்தி ஓட்டினாலும், மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து ஐடிலில் ஓடவிட்டாலும் ரிங் அழுந்தாது. கசிந்த ஆயில் சுவரிலேயே வெந்து, பளபளவென்று படிந்து, பள்ளங்களை அடைத்துவிடும். அதற்குப் பிறகு மறுபடி ஹோனிங்தான். முறுக்கி விரட்டுவதும் ஆபத்து. பிஸ்டனின் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். காற்றில் மட்டும் குளிரும் புல்லட்டில் சூடு மிஞ்சினால் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும், இன்ஜின் ஜாம்.

தெரிந்தவர்கள் ஓட்டுவதைப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். இன்ஜின் சூடேறியதும் மூன்றாம் கியரில் முப்பதிலிருந்து ஐம்பது வரை த்ராட்டிலைப் பாதி திறந்து திடமாக இழுக்கிறார்கள். பிறகு முழுக்க மூடி, இன்ஜினே வேகத்தைக் குறைக்கும்படி விடுகிறார்கள். இழுக்கும்போது ரிங் அழுந்துகிறது. மூடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்து ரிங்குக்கு நனைவும் குளிர்ச்சியும் தருகிறது. இப்படிப் பலமுறை செய்து, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடங்குகிறார்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவதில்லை, செங்குத்தான மேட்டில் டாப் கியரில் திணறவிடுவதில்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வருவதைக் காது உணர்ந்துகொண்டே இருக்கும். இந்த இளக்கத்துக்குக் காது கொடுக்கத் தெரிந்தவரை நான் முழு ரசிகர் என்பேன்.

முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஆயிலை வடித்து வெயிலில் பாருங்கள். சரிகைத் தூள் கரைத்தது போல மினுமினுக்கும். மேடுகளின் கூர்முனைகள்தாம் அப்படிப் பொடியாகி வருகின்றன. அந்தப் பொடி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மாற்ற வேண்டும், ஐந்நூறில் மறுபடி மாற்ற வேண்டும். இரண்டாம் முறை வடிக்கும்போது மினுமினுப்பு வெகுவாகக் குறைந்திருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம்.

ஆக, பட்டறையில் போர் போட்டு, கையால் ஹோனிங் செய்த வார்ப்பிரும்பு இன்ஜினுக்குத் தரமான மினரல் 20W-50 போதும். இரண்டு முறை வடித்துக் கொட்டப்போகிற ஆயிலுக்கு மூன்று மடங்கு பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆயில் குறைவது நின்று, புகை அடங்கிய பிறகு சிந்தெடிக்குக்கு மாற நினைத்தால் தாராளமாக மாறலாம். ஷோரூமிலிருந்து வந்த புது வண்டிக்குக் கையேட்டில் உள்ளதே தீர்ப்பு. போர் போடும் வண்டியென்றால், ஆயிலில் மிச்சம் பிடிக்கும் பணத்தை ஹோனிங் போடுபவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். உங்கள் இன்ஜின் இனி எத்தனை வருடம் புகையில்லாமல் ஓடும் என்பதை ஆயிலுக்கு முன்பே முடிவு செய்தவர் அவர்தான்.