நல்ல பயிற்சியாளர் என்றொரு கனவு

மல்லாங்கிணற்றிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி கபடி ஆடுவாள். வெளியூர்ப் போட்டிக்கு அவளை அனுப்பச் சொல்லி அவள் அம்மாவிடம் பேசப் போனேன். “கை கால் ஒடிஞ்சாக்கூடக் கட்டுப் போட்டுக்கிடலாம் டீச்சர். ராத்திரி தங்குற இடத்துல ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேக்க?” என்றார். அவர் பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் பலர் இறந்த வட்டாரம் இது. கூலிக்குப் போகும்போது யாரும் பேசாத பாதுகாப்பை விளையாடப் போகும்போது மட்டும் ஏன் பேசுகிறோம் என்று வாதாடினேன். வாதத்தில் வென்றேன். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

நம் விளையாட்டுப் படங்களும் சொல்வதில்லை. அருண்ராஜா காமராஜின் ‘கனா’ (2018) விவசாயி மகள் கௌசல்யாவை இந்திய கிரிக்கெட் அணிவரை கொண்டுபோகிறது. கிராமத்துப் பெண்ணின் ஆசையை அது மதித்த விதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் அம்மாவின் பயம் தாண்ட வேண்டிய தடை மட்டுமே. கதவைத் திறப்பவர் நல்ல அப்பா. அதற்கப்பால் காப்பவர் நல்ல பயிற்சியாளர். இருவரும் நல்லவர்களாக அமையாத பெண் என்ன செய்வாள்?

அட்லீயின் ‘பிகில்’ (2019) அமில வீச்சுக்கு ஆளான அனிதாவை மைதானத்துக்கு மீட்டுவருகிறது. அதே படத்தின் இறுதி ஆட்டத்தில், பாண்டியம்மாவுக்கு ரோஷம் வர வேண்டுமென்று பயிற்சியாளர் அவள் உடலைச் சொல்லி இழிவுபடுத்துகிறார். நாம் கைதட்ட வேண்டுமாம். அவமானமும் பயிற்சிதான் என்று ஒரு சிறுமி பழகிவிட்டால், எந்த இடத்தில் ‘இது தப்பு’ என்று சொல்வாள்?

2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். 2023 ஜனவரியில் வினேஷ் போகாட்டும் சாக்‌ஷி மாலிக்கும் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு டெல்லித் தெருவில் உட்கார்ந்தார்கள். பதக்கம் வென்றவர்களுக்கே தெருதான் புகார்ப்பெட்டி என்றால், மல்லாங்கிணற்று அம்மாவின் கேள்வி அறியாமையிலிருந்து வந்ததல்ல.

ஆகவே ‘அனுப்பாதே’ என்பவர்களுக்கு ஆபத்து தெரியும்; ஆனால் அடைத்துவைப்பது பெண்ணை. ‘தைரியமாக அனுப்பு’ என்பவர்களுக்கு அவள் உரிமை தெரியும். ஆனால் ஆபத்தையும் அவள் தலையிலேயே கட்டுகிறார்கள். இருதரப்பிலும் பயிற்சியாளரையும் சங்கத்தையும் கணக்குக் கேட்பவர் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டரங்கையும் பயிற்சியிடத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. அதைப் படிக்க நமக்கு இத்தனை நாளா?

மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது ஒரு தாள் கொண்டுபோனேன். கூடப் போகும் ஆசிரியை, தங்குமிடம், தொலைபேசி எண்கள் எல்லாம் எழுதியிருந்தேன். புகாரைக் கேட்பவர் யார் என்ற வரி மட்டும் காலி. போட்டி நடத்துபவர்களுக்கே அது தெரியவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டார். மகளை அனுப்பவும் செய்தார்.

அந்த வரியை நிரப்பச் சொல்லிக் கேட்பது அவர் வேலையல்ல. படித்த நம் வேலை.